தீ மஞ்சளாக ஆடுகிறது, இரும்பு சிவப்பைத் தாண்டவில்லை: வீட்டில் கட்டிய கேஸ் உலையைச் சரிப்படுத்துவது

கேட்டவரின் நிலைமை இது. கோவையில் மொட்டை மாடியில் உளி, கத்தி அடித்துப் பழக ஒரு கேஸ் உலை கட்டியிருக்கிறார். அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து முக்கால் அங்குலக் குழாயில் ‘டி’ பர்னர் (T வடிவக் குழாய் இணைப்பை வைத்துச் செய்வது) செய்திருக்கிறார். உள்ளே இரண்டு அடுக்கு செராமிக் வூல் (சூடு தாங்கும் இழைப் பஞ்சு), அதன்மேல் பூச்சு எதுவும் இல்லை. வீட்டுச் சமையல் சிலிண்டர், அதற்கு அதே அடுப்பு ரெகுலேட்டர். தீ மஞ்சளாகச் சோம்பி ஆடுகிறது. பாதி நேரம் ‘டப்’ என்ற சத்தத்தோடு குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. அரை மணி நேரம் வைத்தாலும் இரும்பு மங்கிய சிவப்போடு நின்றுவிடுகிறது. பர்னரை மாற்றுவதா, ப்ளோயர் வைப்பதா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் முதல் காரணம் ரெகுலேட்டர். வீட்டு ரெகுலேட்டர் கேஸை ஏறக்குறைய 30 மில்லிபாருக்கு இறக்கித்தான் வெளியே விடும். சாம்பார் கொதிக்க அது போதும். ‘டி’ பர்னரில் ஊதுவதற்கு ஃபேன் கிடையாது. ஜெட் என்ற நுண்துளையிலிருந்து சீறி வரும் கேஸ்தான் சுற்றியுள்ள காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போக வேண்டும். அந்தச் சீற்றம் 30 மில்லிபாரில் வராது. இந்த வகை பர்னர் ஒழுங்காக ஓடுவது கால் பாரிலிருந்து ஒன்றரை பார் வரை (ஒரு பார் என்றால் ஆயிரம் மில்லிபார்). அழுத்தம் காட்டும் கேஜ் பிஎஸ்ஐ அளவில் இருந்தால் 4 முதல் 20 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெட் வழியாகப் போகும் கேஸின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும். ஆக, 30 மில்லிபாரை அரை பாராக ஏற்றினால் உள்ளே போகும் கேஸ் சுமார் நான்கு மடங்காகும், அதன் வேகமும் அப்படியே. இன்றைக்கு உங்கள் உலைக்குக் கிடைப்பது தேவையான சூட்டில் கால்வாசி. அதிலும் காற்று போதாமல் மஞ்சளாக எரிகிறது. கலவை குழாயில் மெதுவாக நகர்வதால் தீ அதை எதிர்த்துப் பின்னால் ஏறி வந்துவிடுகிறது. அந்த ‘டப்’ சத்தம் அதுதான்.

சிலிண்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைச் சமையல் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை. 19 கிலோ வணிகச் சிலிண்டர் எடுங்கள். ‘ரெகுலேட்டர் இல்லாமல் நேராக வால்வில் மாட்டலாமா’ என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கூடாது. வெயில் நாளில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் உங்கள் பர்னருக்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு. ஒரு ஊசி வால்வை மட்டும் நம்பி அதை அடக்குவது விளையாட்டல்ல. ஓட்டல் அடுப்பு விற்கிற கடையில், திருகி அழுத்தத்தை மாற்றக்கூடிய ஹை பிரஷர் ரெகுலேட்டர் கேளுங்கள். 0 முதல் 2 பார் வரை போவது போதும், கேஜ் கட்டாயம் இருக்க வேண்டும். கேஜ் இல்லாத ரெகுலேட்டரால் உலையை டியூன் செய்ய முடியாது, ஏனென்றால் நேற்று எந்த அழுத்தத்தில் நன்றாக எரிந்தது என்பதே இன்றைக்குத் தெரியாது. ஹோஸும் எல்பிஜிக்கு உரிய, கம்பிப் பின்னல் உள்ள ரப்பர் ஹோஸாக இருக்கட்டும். பர்னருக்குக் கிட்டத்தில், கைப்பிடியைத் திருப்பினால் உடனே மூடும் பால் வால்வு (ball valve) ஒன்று வையுங்கள். அவசரத்தில் கை அதற்குத்தான் போகும். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமாகவே கேஸ் வந்து உலை வாயில் நெருப்பாறு ஓடும். உலையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள்.

சரி, ரெகுலேட்டர் மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தீ நீலமாகும், சத்தம் ‘ஹோ’ என்று ஏறும், ஆனாலும் வீடியோவில் பார்த்ததுபோல அவ்வளவு சுத்தமாக எரியாது. பலர் இங்கேதான் குழம்பி, பர்னரைப் பிரித்து மறுபடி செய்யத் தொடங்குகிறார்கள். காரணம் கேஸ். அமெரிக்க அளவுகள் எல்லாம் புரொப்பேனுக்கு எழுதப்பட்டவை. நம் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரு பங்கு புரொப்பேன் எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. அதே ஜெட், அதே அழுத்தம், அதே குழாய் என்றால் இழுக்கப்படும் காற்று பெரிதாக மாறாது. ஆனால் கனமான கேஸ் என்பதால் எடைக்கணக்கில் கூடுதலாகப் போகும். முழுக்க பியூட்டேனாக இருந்தால் கலவையில் எட்டில் ஒரு பங்கு கேஸ் அதிகமாகிவிடும். நம்முடையது கலவை என்பதால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எப்படியும், அமெரிக்க அளவை அப்படியே செய்தால் இங்கே தீ கேஸ் மிகுந்த பக்கம் சாயும்.

இதற்கு நல்ல விஷயம், தீர்வு மலிவு. ஜெட்டாகப் போடுவது மிக் வெல்டிங் காண்டாக்ட் டிப் (வெல்டிங் கம்பி நுழைந்து வரும் சிறு முனை) தானே. முக்கால் அங்குல பர்னருக்கு அமெரிக்கர்கள் சொல்லும் அளவு 0.035 அங்குலம், அதாவது 0.9 மி.மீ. நம் வெல்டிங் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை 0.8, 1.0, 1.2. பலர் ‘0.9 இல்லை, 1.0 கொடுங்கள்’ என்று வாங்கிவிடுகிறார்கள். அது தப்பான திசை. 0.8 வாங்குங்கள். டிப்பில் எழுதியிருப்பது கம்பியின் அளவு. கம்பி வழுக்கிப் போக வேண்டும் என்பதால் துளை அதைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். 0.8 டிப் நம் கேஸ் கலவையை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். சூடு கொஞ்சம் குறையுமே என்றால் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று: சிலிண்டர் தீரத் தீர உள்ளே இருக்கும் கலவையும் மாறும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பது, பியூட்டேன் பூச்சியத்துக்கு ஒட்டிக் கொதிப்பது. முதலில் ஆவியாகி வெளியேறுவது புரொப்பேன்தான் அதிகம், கடைசியில் மிஞ்சுவது பியூட்டேன். புது சிலிண்டரில் கச்சிதமாக எரிந்த பர்னர், தீரும் தருவாயில் மஞ்சளடித்தால் பதற வேண்டாம். தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே வியர்க்கும், அழுத்தமும் இறங்கும். சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள், இன்னும் சிலர் கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டுவார்கள். இரண்டாவது ரகத்தாரிடம் நான் பேசுவதில்லை. 19 கிலோ சிலிண்டரில் ஒரே பர்னர் என்றால் கோவைச் சூட்டில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடுத்து பர்னரைச் சோதியுங்கள். ஒரு அங்குல ‘டி’யின் இரு பக்கத் துளைகளும் காற்று வருவதற்கு, நடுக் கிளையில் முக்கால் அங்குலக் குழாய், அதற்கு நேர் எதிரே டியின் முதுகில் துளைபோட்டு ஜெட். இதில் முதல் முக்கியமான விஷயம்: ஜெட் குழாயின் நட்டநடு மையத்தைப் பார்க்க வேண்டும். கை டிரில்லில் போட்ட துளை சாய்ந்தே இருக்கும். லேத் பட்டறையில் கொடுத்தால் கிளையைச் சக்கில் பிடித்துத் துளைபோட்டு மரை வெட்டித் தருவார்கள், கோவையில் அதற்கா பஞ்சம். சரிபார்க்க ஒரு வழி: கேஸ் குழாயைக் கழற்றி ஜெட் வழியாகத் தண்ணீரை அழுத்திப் பீய்ச்சுங்கள். நூல் பிடித்ததுபோல் குழாயின் மறுமுனை நடுவில் வெளியேறினால் நேர். சுவரில் பட்டுச் சிதறினால் கோணல். இரண்டாவது, டியிலிருந்து குழாயின் நீளம். முக்கால் அங்குலத்துக்கு எட்டு அங்குலம் போதுமானது. கேஸும் காற்றும் கலக்க நீளம் வேண்டும், ரொம்ப நீண்டால் உராய்வு காற்றை மட்டுப்படுத்தும். குழாய் துத்தநாகம் பூசிய ஜிஐ இல்லாமல் கருப்புக் குழாயாக இருக்கட்டும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் இரவெல்லாம் குளிர்காய்ச்சல். துத்தநாகம் பூசிய போல்ட், கம்பி எதையும் உலைக்குள் வைக்காதீர்கள்.

குழாயின் முனை உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உள்சுவருக்கு ஒரு விரற்கடை பின்னால் நிற்க வேண்டும், அங்கிருந்து பூச்சிலேயே புனல்போல விரிந்த வாய் செய்துவிடுங்கள். தீ நிலையாக நிற்பது அந்த விரிவில்தான். நீட்டிக்கொண்டிருந்தால் முனை பழுக்கும், பழுத்த முனை கலவையைக் குழாய்க்குள்ளேயே பற்றவைக்கும். அழுத்தம் சரியாக இருந்தும் ‘டப்’ நிற்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

உலையின் உள்ளளவைக் கணக்குப் போடுங்கள். முக்கால் அங்குல பர்னர் ஒன்று நன்றாகச் சூடேற்றக்கூடிய இடம் சுமார் ஐந்தரை லிட்டர். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பத்து அங்குல எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) குழாய்த் துண்டு ஒன்று, உள்விட்டம் 25 செ.மீ. சுற்றிலும் 5 செ.மீ. வூல், 1 செ.மீ. பூச்சு போக மிஞ்சுவது 13 செ.மீ. விட்டம். 30 செ.மீ. நீளம் வைத்தால் நான்கு லிட்டர் வரும். கத்திக்கும் உளிக்கும் இது தாராளம். உலை பெரிதாக இருந்தால் பெரிய வேலை செய்யலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும்; ஒரே நேரத்தில் நீங்கள் சம்மட்டியால் அடிக்கப்போவது பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீளம்தான், மீதிச் சூடு வீண். பழைய சிலிண்டரை அறுத்து உலைக்கூடு செய்கிற யோசனை இருந்தால் கைவிடுங்கள். அவை எண்ணெய் நிறுவனங்களின் சொத்து. அதோடு, ‘காலி’ சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் ஆவி அரவை வட்டின் பொறிக்காகக் காத்திருக்கும்.

இப்போது நீங்கள் பூச்சுப் போடாமல் விட்ட வூல். இதை அப்படியே விடக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை. செராமிக் வூலின் இழைகள் நுரையீரலுக்குள் போகும் அளவு நுண்ணியவை. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு அவற்றை வைத்திருக்கிறது. 1000 டிகிரிக்கு மேல் நாள்பட எரிந்த வூலில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகம் உருவாகும், அது இன்னும் மோசம். உங்கள் பர்னர் ஒவ்வொரு முறையும் அந்தத் தூளை உலை வாய் வழியாக முகத்தில் ஊதுகிறது. வூலை வெட்டும்போதும் பழையதைப் பிரிக்கும்போதும் என்95 முகமூடி, முழுக்கைச் சட்டை, தண்ணீர் தெளித்து நனைத்த வூல்.

வேலை முறை இது. வூல் 25 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி, 1260 டிகிரித் தரம், இரண்டு அடுக்கு. அதன்மேல் கொலாய்டல் சிலிக்காவை (நுண்ணிய சிலிக்கா கலந்த நீர்மம்) தெளித்து உலரவிட்டால் வூல் அட்டைபோல் விறைக்கும். பிறகு உயர் அலுமினா காஸ்டபிள் (சூடு தாங்கும் காங்கிரீட் போன்ற கலவை), சுமார் 10 மி.மீ. தடிமனில், குறைந்த தண்ணீரில் பிசைந்து பூசுங்கள். தரையில் மட்டும் தட்டையாக, இன்னும் கொஞ்சம் தடிமனாக. கோவை இரும்பு வார்க்கும் ஊர் என்பதால் வார்ப்பாலைகளுக்குச் சரக்கு கொடுக்கும் கடைகளில் இவை மூன்றும் சில்லறையாகவே கேட்டுப் பார்க்கலாம். பூசிய பிறகு ஈரத்துணி போட்டு ஒரு நாள் மூடிவையுங்கள். சிமெண்ட் மாதிரியே இதற்கும் ஈரம் வேண்டும். அப்புறம் ஒரு வாரம் நிழலில் காயட்டும். முதல் சூடு மிகக் கொஞ்சமாக: ஐந்து நிமிடம் எரித்து அணைத்து ஆறவிட்டு, மறுபடி பத்து நிமிடம் என்று ஏற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய நீராவி பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும் கலந்து பூசச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அலுமினியம் உருக்கும் சூட்டுக்கு அது சில தடவை தாங்கும், இரும்பு அடிக்கும் சூட்டில் நொறுங்கிப்போகும். பின்னால் பற்றவைப்பு வெல்டிங் (பழுத்த இரும்புகளை அடித்தே ஒட்டுவது) செய்து பார்க்கும் எண்ணம் இருந்தால் தரையில், பாண்டம் சுடும் சூளையில் அடுக்கும் தட்டின் துண்டு ஒன்றைப் போடுங்கள். அந்த வேலைக்குத் தூவும் வெங்காரம் உருகி வூலை, சர்க்கரைப் பஞ்சு மிட்டாய் மேல் தண்ணீர் பட்டதுபோலக் கரைத்துவிடும்.

பூச்சு வந்ததும் உலையின் குணமே மாறும். வெறும் வூல் சூட்டைத் தடுக்கிறது, ஆனால் தேக்கி வைப்பதில்லை. பூச்சு பழுத்து நாலாபக்கமும் இரும்பின்மேல் சூட்டை வீசும். குளிர்ந்த இரும்பைச் செருகினாலும் உலை துவண்டுபோகாது.

டியூனிங்குக்கு வருவோம். பர்னரை வெளியே கையில் பிடித்து எரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திறந்த வெளியில் ஒழுங்காக நிற்காத தீ, சூடான உலைக்குள் அருமையாக எரியும். உலைக்குள் வைத்துப் பற்றவைத்து, பத்து நிமிடம் சூடேறிய பிறகே பாருங்கள். பற்றவைக்கும் வரிசை: முதலில் எரியும் காகிதத்தையோ டார்ச்சையோ உள்ளே காட்டுங்கள், அதன் பிறகு கேஸைத் திறங்கள். மாற்றிச் செய்தால் உள்ளே நிறைந்த கேஸ் மொத்தமாக வெடித்துப் பற்றி முகத்துக்கு வரும். உலை வாய்க்கு நேரே என்றைக்குமே நிற்காதீர்கள்.

பர்னர் வாயில் குட்டையான, ஓரம் கூர்மையான இளநீலக் கூம்பு நிற்க வேண்டும். உலை வாய்க்கு வெளியே ஒரு சாண் அளவு தீ நாக்கு நீட்டினால் போதும். ஒரு முழத்துக்கு மஞ்சளாக வெளியே தள்ளினால் கேஸ் அதிகம்: எரிய வேண்டியது உள்ளே எரியாமல் வெளியே வந்து காற்றைக் கண்டு எரிகிறது. வெளியே நாக்கே இல்லை, சத்தம் மட்டும் கடுமை, சூட்டில் காற்றுபட்டு இரும்பின்மேல் படியும் கருஞ்செதில் தடித்துப் பெயர்கிறது என்றால் காற்று அதிகம். ஒரு எச்சரிக்கை. புதுப் பூச்சு முதல் சில எரிப்புகளில் தன்னிடமுள்ள சுண்ணாம்பு, உப்பால் தீயை ஆரஞ்சாக்கும். அதைப் பார்த்து டிப்பை அராவத் தொடங்கிவிடாதீர்கள்.

அழுத்தத்தைத் திருகி மஞ்சளைப் போக்க முயல்வது எல்லாரும் செய்வது. அழுத்தம் ஏறினால் கேஸும் கூடும், அது இழுக்கும் காற்றும் அதே விகிதத்தில் கூடும். சூடு ஏறுமே தவிர கலவை பெரிதாக மாறாது. கலவையை மாற்றுவது டிப்பின் துளையும் அதன் நீளமும். டிப் முனை குழாய் வாய்க்கு நெருங்கி இருந்தால் காற்று நுழைய இடம் குறைவு. பின்னால் தள்ளி இருந்தால் காற்று கூடும். அதனால் தீ மஞ்சளாக இருந்தால் டிப்பை ஒரு மி.மீ. அராவி, பிசிறை எடுத்து, துளையை மெல்லிய டிரில் பிட்டால் கையாலேயே சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மி.மீ. அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. டிப் விலை குறைவுதான், நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதிகமாகிவிட்டால் டியின் ஒரு பக்கத் துளையில் கொஞ்சம் தகரத்தை வைத்து மூடிச் சமன் செய்யலாம்.

துல்லியமாக நடுநிலையில் நிறுத்த வேண்டியதில்லை. அடிக்கிற வேலைக்குக் கேஸ் ஒரு பொட்டு மிகுந்திருப்பதே நல்லது, செதில் குறையும். கடைசித் தீர்ப்பைத் தீயிடம் கேட்காமல் இரும்பிடம் கேளுங்கள். 12 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பி ஒன்றை, அரத்தால் வெளுக்கத் தேய்த்து, சூடான உலையில் வையுங்கள். அரை பார் அழுத்தத்தில் சில நிமிடங்களில் ஆரஞ்சைக் கடந்து மஞ்சளுக்கு வர வேண்டும். அது ஏறக்குறைய 1100 டிகிரிக்கு மேல். இந்த நிறங்களை நிழலில் நின்று பார்க்க வேண்டும். மாடி வெயிலில் மஞ்சள்கூடச் சிவப்பாகத்தான் தெரியும். ‘சிவப்பைத் தாண்டவில்லை’ என்று நீங்கள் சொன்னதில் ஓரளவு வெயிலின் வேலையும் இருக்கலாம்.

கலவை சரியாக இருந்தும் சூடு வரவில்லையென்றால் உலையின் வாயைப் பாருங்கள். இரு முனையும் முழுக்கத் திறந்திருந்தால் சூடு தங்காது. இன்சுலேஷன் செங்கல்லை வைத்துப் பின் வாயில் கம்பி நுழையும் அளவு சந்து, முன் வாயில் பாதி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். ரொம்ப அடைத்தால் எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் பர்னரை எதிர்த்துத் தள்ளும். தீ ‘புஃப் புஃப்’ என்று விட்டுவிட்டு மூச்சு வாங்கும், அல்லது குழாய்க்குள் இறங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் செங்கல்லை ஒரு விரல் விலக்குங்கள். மாடிக் காற்று பலமாக அடித்தாலும் இதே கோளாறு வரும். காற்று வரும் பக்கம் ஒரு தகரத் தட்டி வையுங்கள், நான்கு பக்கமும் அடைக்க வேண்டாம். கேஸ் மிகுந்த தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மழைக்காலத்தில் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு உலையை இறக்கலாம் என்று நினைத்தால், எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கசிந்தால் தரையோடு தரையாகப் பள்ளத்தில் போய்த் தேங்கும்.

அணைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வு, ஹோஸில் இருப்பது எரிந்து தீர்ந்ததும் பால் வால்வு. மேலிருந்து இறங்கும் பர்னர் என்றால் அணைத்த பிறகு உலையின் சூடு குழாய் வழியாகப் புகைபோக்கிபோல ஏறி ஜெட்டையும் ஹோஸையும் வறுக்கும். பக்கவாட்டில் சற்றுக் கீழ்நோக்கிப் பொருத்தினால் இது குறையும், தீயும் இரும்பில் நேராக மோதாமல் உலைக்குள் சுழலும்.

ப்ளோயர் கேட்டீர்களே. ப்ளோயர் பர்னரில் கேஸையும் காற்றையும் தனித்தனியாகத் திருகலாம், பியூட்டேன் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. பற்றவைப்பு வெல்டிங் வரை போகப்போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் மாடிக்கு மின்சாரம் இழுக்க வேண்டும், கரண்ட் போனால் உடனே கேஸை மூட ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பழகுகிறவருக்கு இப்போதைய பர்னரே போதும். செலவு என்று பார்த்தால் அரை பாரில் மணிக்கு ஒரு கிலோவை ஒட்டிக் கேஸ் போகும். அது வலிக்கிறது என்றால் கருவேலங்கரியும் கையால் சுற்றும் ப்ளோயரும் வைத்த பழைய கொல்லுலை இன்றைக்கும் மலிவு, சூட்டிலும் சளைத்ததில்லை. ஆனால் பொறியும் புகையும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போகும். ரெகுலேட்டரும் 0.8 டிப்பும் மாற்றிப் பூச்சும் போட்ட பிறகு தீ எப்படி நிற்கிறது, கேஜில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு அதை வைத்துப் பார்ப்போம்.